இறக்கத்துக்கு முன்னால்

எங்கள் காணியின் பின்பக்கத்தில், மேப்பிள் மரங்கள் நிற்கிற மேட்டிலிருந்து கொட்டகைக்கு வரும் பாதையில் ஓர் இறக்கம் இருக்கிறது. நாற்பது மீற்றர் நீளம் இருக்கும். நடுவில் ஒரு பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. மழைக்கு அதில் பாசி படரும், மார்ச்சில் பனிக்கட்டி மூடும். இறக்கம் முடிகிற இடத்தில் பாதை வலப்பக்கம் திரும்புகிறது. திரும்பத் தவறினால் நேரே ஒரு முதிர்ந்த மேப்பிள் மரம். அதன் பட்டையில், இடுப்பளவு உயரத்தில், ஒரு காயம் இருக்கிறது. அது என்னால் வந்த காயம்.

இடம் கனடா. ஒன்ராறியோ மாகாணத்தின் பான்கிராஃப்ட் ஊருக்குப் பக்கம், ஸ்காபரோவிலிருந்து இரண்டரை மணித்தியால ஓட்டம். நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கிய காட்டுக்காணி. எங்கே மண்வெட்டி போட்டாலும் ஒரு முழத்துக்குள் பாறை தட்டுகிற நிலம். வருடத்துக்கு வேண்டிய விறகு அங்கே கிடைக்கிறது. மார்ச் பிறந்தால் மேப்பிள் சாறு வடிகிறது. இரண்டையும் கைவண்டியில் வைத்து இழுத்தே பல வருடம் ஒப்பேற்றினோம். இருவருக்கும் அறுபது கடந்த பிறகு நாரி சம்மதிக்கவில்லை. ஏடிவி என்று இங்கே சொல்லப்படும் நாலு சில்லு வண்டி ஒன்று வாங்குவோம், வேலை நாளில் பெட்டி இழுக்கட்டும், ஓய்வு நாளில் காட்டுப் பாதையில் ஓடித் திரியலாம் என்று பேசி முடித்தோம். அந்தப் பேச்சு ஒரு மாலைத் தேநீருக்குள் முடிந்துவிட்டது. எந்த வண்டி என்பதற்குத்தான் ஓர் இலையுதிர்காலமே போயிற்று.

கடைசியில் இரண்டு பெயர்கள் நின்றன. ஹொண்டா ரான்சர் 420, யமஹா கோடியாக் 450. பெயரில் முப்பது கூடியிருந்தாலும் கோடியாக்கின் என்ஜின் உண்மையில் 421 சிசிதான். ஒரே ஒரு சிசி வித்தியாசம். இரண்டிலும் ஒற்றைச் சிலிண்டர், இரண்டும் முந்நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இரண்டிலும் வேண்டும்போது நாலு சில்லுக்கும் இழுவை கொடுக்கலாம். பார்த்த மாத்திரத்தில், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பிள்ளைகள் மாதிரி. நான் ரான்சர் பக்கம் சாய்ந்தேன், மச்சான் கோடியாக் பக்கம்.

ரான்சரின் அடிப்படை மாடலில் ஐந்து கியர்கள். இடது காலால் தட்டி மாற்ற வேண்டும். கையில் கிளட்ச் கிடையாது, அது தானாகப் பிடித்து விடும். என்ஜின் வண்டியின் நீளவாக்கில் படுத்திருப்பதால் அதன் சுழற்சி வளைந்து நெளியாமல் முன்னுக்கும் பின்னுக்கும் நேராகப் போகிறது. பின்புறம் ஒரே தண்டான அச்சு. பழைய மாட்டுவண்டி அச்சைப் போல, இந்தப் பக்கச் சில்லு உயர்ந்தால் அந்தப் பக்கமும் சேர்ந்து சரியும். பற்சக்கரங்கள் எல்லாம் எண்ணெய்க்குள் மூடிக் கிடக்கின்றன. தண்ணீர் உள்ளே போக வழியில்லை. பக்கத்துக் காணிக்காரர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரக் கிழவர், பதினைந்து வருடமாக ஒரு ரான்சர் வைத்திருக்கிறார். எண்ணெய் மாற்றியதைத் தவிர பெரிதாக எதுவும் செய்ததில்லை என்று அவர் சொல்லும்போது, பால் மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல அதன் சீட்டைத் தட்டுவார். எனக்கு அந்தத் தட்டலே பாதி விலை.

கோடியாக்கில் கியர் இல்லை, பெல்ட். எதிரெதிரே இரண்டு கப்பிகள், ஒவ்வொன்றும் கூம்பு வடிவான இரண்டு தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் அச்சை நோக்கி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் எண்ணற்ற கியர்கள் ஒளிந்திருக்கின்றன. ஓட்டுகிறவர் பெருவிரலால் திறொட்டிலை அழுத்தினால் போதும். 1958இல் நெதர்லாந்தில் டாஃப் கம்பனி தன் சின்னக் காரில் போட்ட யுக்தி இது. பிறகு பனிவண்டிகளுக்குப் போய், 1985இல் பொலாரிஸ் மூலம் ஏடிவிக்கு வந்தது. கோடியாக்கின் பின்சில்லுகள் ஒன்றையொன்று பாராமல் தனித்தனியே மேலும் கீழும் போகும். கல்லும் வேருமான பாதையில் அது முதுகுக்குச் செய்யும் உபகாரம் கொஞ்சமல்ல. அடிவயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. ஒற்றை அச்சு ரான்சரில் அது ஒரு சாணுக்குக் குறைவு. இழுவையும் கூட: கோடியாக் 600 கிலோ வரை இழுக்கலாம் என்கிறது யமஹா. ரான்சருக்கு ஹொண்டா சொல்வது 385 கிலோ.

“மச்சான், அறுபது வயசிலை இன்னும் காலாலை கியர் தட்டிக்கொண்டு திரியப்போறியே? நாரி போன பிறகு ரான்சரை என்ன செய்யிறது, வாசலிலை வைச்சு வடிவு பாக்கிறதோ?”

“பெல்ட்டிலை தண்ணி பட்டா வழுக்கும். பீவர் அணை கட்டிப் பாதை முழுக்கத் தண்ணி நிக்கிற காடு இது. அரைவாசியிலை பெல்ட் போச்செண்டா ஆர் வந்து இழுக்கிறது?”

இப்படியே சனிக்கிழமைகள் போயின. இருவரும் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இருவருமே ஏறுவதைப் பற்றியும் இழுப்பதைப் பற்றியும் கடப்பதைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். விளம்பரப் புத்தகங்களும் அதைத்தான் பேசுகின்றன. படங்களில் வண்டிகள் எப்போதும் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இறங்கிவரும் வண்டியை அட்டையில் போட்டதை நான் கண்டதில்லை.

இந்த வண்டியின் பிறப்பே கொஞ்சம் வேடிக்கையான தேவையில் இருந்துதான். 1967இல் ஹொண்டாவின் அமெரிக்கக் கிளை, மாரிகாலத்தில் மோட்டார் சைக்கிள் விலைபோவதில்லை, பனிக்காலத்திலும் விற்கக்கூடிய ஏதாவது செய்து தாருங்கள் என்று ஜப்பானுக்குக் கேட்டு அனுப்பியது. ஒசாமு டக்கெயுச்சி என்ற பொறியியலாளர் பல வடிவங்களைச் செய்து பார்த்து, பலூன் மாதிரியான மூன்று பெரிய டயர்களில் வந்து நின்றார். 1970இல் யுஎஸ்90 என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. அந்த டயர்தான் கண்டுபிடிப்பு, மற்றதெல்லாம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தவை. இன்றைக்கும் அப்படித்தான். கார் டயரில் 32 பவுண்ட் காற்று இருந்தால் இதில் நாலைந்து பவுண்ட்தான். பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். டயர் நிலத்தை அழுத்துவதும் ஏறத்தாழ அந்த அளவே. சப்பாத்துப் போட்டு நடக்கிற மனிதன் ஒற்றைக் காலில் உடம்பை ஏற்றும் கணத்தில் கொடுக்கும் அழுத்தம் இதற்குக் குறைந்ததல்ல. முந்நூறு கிலோ இரும்பு, தன்னை ஓட்டுகிறவனைவிட மெல்லக் கால் வைக்கிறது. ஈரமான இலைச்சருகின் மேல் அது போன தடத்தையும் என் சப்பாத்துத் தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குந்தியிருந்து பார்த்தேன். என் குதி பதிந்த இடத்தில்தான் தண்ணீர் ஊறியிருந்தது.

அவ்வளவு மெல்லிய அடி வைத்த அந்த மூன்று சில்லு வண்டி ஆட்களைக் கொன்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின் சில்லு இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுழல்வதால், உடம்பைச் சரியான பக்கம் சாய்க்கத் தெரியாவிட்டால் அது திரும்பாது, அல்லது கவிழும். சிறுவர்கள் அதில் ஏறினார்கள். காயங்களும் மரணங்களும் பெருகி, 1988இல் அமெரிக்க அரசோடு நீதிமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கம்பனிகள் மூன்று சில்லு வண்டியை விற்பதை விட்டன. அதற்குள் நாலு சில்லு வண்டி வந்துவிட்டிருந்தது. 1986இல் நாலுக்கும் இழுவை கொடுத்து ஹொண்டா ஒன்று விட்டது. ஆனாலும் இது ஓட்டுகிறவரின் உடம்பை நம்பிய வண்டிதான். ஏறும்போது முன்னால் சரிய வேண்டும், இறங்கும்போது பின்னால் இருக்க வேண்டும், சரிவில் குறுக்கே போனால் மேட்டுப் பக்கம் பாரத்தைப் போட வேண்டும். ஒருவர் ஓட்டுவதற்கென்று செய்த வண்டியில் இரண்டாம் ஆள் ஏறக்கூடாது என்று மக்காட்டிலேயே ஒட்டியிருப்பது அதனால்தான். பின்னால் இருக்கிறவர் சும்மா இருந்தாலே ஓட்டுகிறவரின் சாய்வைக் கெடுத்துவிடுவார். பேத்தி கேட்டு அழுதாள். ஏற்றவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் சலுகை கிடையாது.

எங்கள் காணிக்குக் கிட்டப் போகிற ஹேஸ்டிங்ஸ் ஹெரிட்டேஜ் பாதை, தண்டவாளம் பிடுங்கப்பட்ட பழைய ரயில் பாதை. 156 கிலோமீற்றர். மத்திய ஒன்ராறியோ ரயில்வே என்று பெயர் பெற்ற அந்த வழி, இரும்புத் தாதையும் மரத்தையும் ஏற்றி இறக்கப் போட்டது. அதில் ஏடிவி ஓட்டலாம். ஓட்டிப் பார்த்தால் ஒன்று புரியும்: இந்த மேடுபள்ளமான நாட்டில் அந்தப் பாதைக்கு மட்டும் மேடும் பள்ளமும் இல்லை. பாறையை வெடிவைத்துப் பிளந்து ஊடே போயிருக்கிறார்கள், சதுப்பு நிலத்தில் கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பது ஒரு காரணம். பாரம் ஏற்றிய ரயில் இறங்கத் தொடங்கினால் பிடிப்பது கடினம் என்பது மற்றது. ஸ்டீவன்சனின் ரொக்கெற் என்ற ரயில் என்ஜின் 1829இல் ஓடியது. ஓட்டுநர் தன் இடத்திலிருந்தே எல்லாப் பெட்டிகளையும் நிறுத்தக்கூடிய காற்று பிரேக்குக்கு வெஸ்டிங்ஹவுஸ் காப்புரிமை எடுத்தது 1869இல். நடுவே நாற்பது வருடம், பெட்டிக்குப் பெட்டி ஆள் ஓடி, கூரை மேல் நின்று, கையால் பிரேக் திருகினார்கள். அந்த ஆட்களில் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள் என்று அந்தப் பாறைப் பிளவுக்குள் போகும்போதெல்லாம் எனக்கு நினைவு வரும்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். அங்கே இறக்கம் என்ற சொல் விலைவாசிக்குத்தான் பயன்படும். சைக்கிளில் போனால் காற்றுத்தான் மேடு, காற்றுத்தான் பள்ளம். முதன்முதலில் இறக்கம் ஒன்றை நான் கண்டது வன்னியில். குஞ்சியப்புவுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் இருந்தது. ஒரு லாண்ட்மாஸ்டர் வைத்திருந்தார். அது ஓர் ஆங்கிலேயக் கம்பனியின் பெயர். ஆனால் பிறகு எந்த ஜப்பான் மெசின் வந்தாலும் எங்கள் ஆட்களுக்கு இரண்டு சில்லு உழவு மெசின் எல்லாமே லாண்ட்மாஸ்டர்தான். உழுவது அது, சூடடிப்பது அது, பெட்டி கொழுவினால் நெல் மூட்டை ஏற்றுவதும் அது, கோயில் திருவிழாவுக்குக் குடும்பம் முழுவதையும் கொண்டுபோவதும் அது. இந்த நாட்டில் ஏடிவி செய்கிற வேலையை அங்கே அது செய்தது.

லாண்ட்மாஸ்டருக்குத் திரும்பும் விதம் தனி. இரண்டு கைபிடியிலும் இரண்டு கிளட்ச். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடதைப் பிடிக்க வேண்டும். இடது சில்லுக்கு இழுவை அறும், வலது சில்லு தள்ளும், மெசின் இடப்பக்கம் திரும்பும். ஒரு நாளில் பழகிவிடலாம். பத்துப் பதினொரு வயதில் எனக்கும் பிடிக்கத் தந்தார். ஆனால் குளக்கட்டிலிருந்து வாய்க்கால் றோட்டுக்கு இறங்குகிற இடம் வந்ததும் கைபிடியை வாங்கிவிடுவார். ஒருநாள் கெஞ்சிக் கேட்டேன். பெட்டியில் நெல் மூட்டைகள். என்னை முன்னால் இருத்தி, தன் கையை என் கைக்கு மேல் வைத்தபடி இறக்கினார். மெசின் வலப்பக்கம் ஒதுங்குகிறது என்று கண்டு நான் இடதைப் பிடித்தேன். அது இன்னும் வலப்பக்கம் போயிற்று. பயந்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். குஞ்சியப்பு என் விரலைப் பிரித்தெடுத்து, வலதைப் பிடித்தார். மெசின் இடப்பக்கம் வந்து நேரானது.

கீழே வந்து நிறுத்திய பிறகு சொன்னார்: “ஏத்தத்திலை மெசின் உன்ரை சொல்லைக் கேக்கும், தம்பி. இறக்கத்திலை அது பாரத்தின்ரை சொல்லைத்தான் கேக்கும்.”

காரணம் பெரிய மர்மமில்லை. இறக்கத்தில் என்ஜின் சில்லைத் தள்ளுவதில்லை, பின்னாலிருக்கும் மூட்டைகள் தள்ளுகின்றன, என்ஜின் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது கிளட்சைப் பிடித்தால் இடது சில்லுக்கு அந்தப் பிடி அறுந்து, அது கட்டவிழ்ந்து ஓடுகிறது. வலது சில்லு இன்னும் பிடியில் இருக்கிறது. ஓடுகிற சில்லு முந்த, மெசின் வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. அதே கை, அதே கிளட்ச், நிலம் சரிந்தவுடன் எல்லாம் தலைகீழ். தெரியாத ஆள் பிழையான பக்கம் பிடித்து வாய்க்காலுக்குள் பெட்டியோடு போன கதைகள் வன்னியில் ஊருக்கு ஒன்று இருந்தன.

இதையெல்லாம் அறிந்திருந்த நான்தான் இரண்டு வருடங்களுக்கு முந்திய ஒக்டோபரில் அந்த மேப்பிள் மரத்தைக் காயப்படுத்தினேன். கிழவரிடம் ரான்சரை இரவல் வாங்கி, பெட்டியில் விறகு ஏற்றி, மேட்டில் மூன்றாம் கியரில் வந்தேன். சமதரையில் அது சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. இறக்கம் வந்ததும் பிரேக் இருக்கிறதே என்று அப்படியே மூக்கைக் கீழே விட்டேன். மூன்றாம் கியர் அந்தப் பாரத்தைப் பிடிக்கிற கியர் அல்ல. வேகம் ஏறியது. நடுவில் கியரைக் குறைக்கக் காலால் தட்டினேன், தட்டுகிற அந்தக் கணத்தில் என்ஜினின் பிடி விட்டது, பெட்டி ஒரு தள்ளுத் தள்ளியது. பிரேக்கை அழுத்தினேன். ஈரச் சருகில் பின்சில்லுகள் பூட்டி, வண்டி வழுக்க, பெட்டி பக்கவாட்டில் சுழன்று என்னை முந்தியது. நான் குதித்துவிட்டேன். வண்டி மரத்தில் போய் நின்றது. தோள்மூட்டு மூன்று மாதம் வலித்தது. வண்டியில் ஒரு குற்றமும் இல்லை. மேலே நின்று முதல் கியருக்குப் போட்டிருந்தால் அதே வண்டி, அதே விறகோடு, நடைவேகத்தில் இறங்கியிருக்கும். கிழவர் வந்து பார்த்து, வளைந்த முன் கம்பியை ஒருமுறை தடவினார். “மேலே நின்றாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

எனவே, நவம்பரில் பனி விழுமுன், இரண்டு வண்டியையும் அந்த இறக்கத்திலேயே பரீட்சித்துப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டோம். கிழவரின் ரான்சர், மச்சானின் கூட்டாளி ஒருவரின் கோடியாக். அதே பெட்டி, அதே விறகு. ஏறியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் ஏறின.

ரான்சரை மேலே நிறுத்தி முதல் கியருக்குப் போட்டு விட்டேன். அதற்குத் தனியாக ஒரு தாழ்நிலை கிடையாது, முதல் கியர்தான் அதன் அடிப்படி. என்ஜின் சத்தம் மெல்ல உயர்ந்து, ஓரிடத்தில் நின்றது. முணுமுணுத்துக்கொண்டே பிடித்தது. ஒற்றை அச்சின் நன்மையும் அங்கே தெரிந்தது: பெட்டி தள்ளும்போது வண்டியின் பின்பக்கம் அசையாமல், குந்தாமல், நேராக இருந்தது. பாறையின் மேல் மட்டும் முதுகெலும்பில் ஓர் அடி.

கோடியாக்கைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். சாதாரண பெல்ட் வண்டிகளில் திறொட்டிலை முற்றாக விட்டால் கப்பித் தட்டுகள் விலகிப் பெல்ட் தளர்ந்துவிடும். என்ஜினுக்கும் சில்லுக்கும் தொடர்பு அறும். இறக்கத்தில் அது வண்டியை நூலறுந்த பட்டமாக்கிவிடும். யமஹா இதை வேறுவிதமாகச் செய்திருக்கிறது. பெல்ட்டைத் தளரவே விடுவதில்லை. விடுவிக்கும் வேலையை வேறொரு கிளட்சிடம் கொடுத்து, அதோடு ஒருவழிப் பூட்டு ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். சில்லு என்ஜினை முந்தப் பார்த்தால் அந்தப் பூட்டு இறுகும். நெம்பைத் தாழ்நிலைக்குப் போட்டு, நாலு சில்லுக்கும் இழுவை கொடுக்கும் பொத்தானை அமத்திவிட்டு இறக்கினேன். நாலு சில்லும் சேர்ந்து பிடித்தன. யாரோ பின்னாலிருந்து வேட்டித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவதுபோல. பாறை தாண்டியதே தெரியவில்லை.

பிறகு மச்சான் சும்மா இருக்காமல், தாழ்நிலைக்குப் போடாமல், இரண்டு சில்லு இழுவையிலேயே ஒருமுறை இறக்கிப் பார்த்தான், பெட்டி இல்லாமல். பிடித்தது. ஆனால் போதாது. நடுவில் நெம்பை மாற்ற முடியாது, அதற்கு வண்டி நிற்க வேண்டும். கீழே வந்தவனுக்கு முகம் வெளிறியிருந்தது. நல்லகாலம் பெட்டியைக் கழற்றியிருந்தோம். நான் அவனிடம் கிழவர் என்னிடம் கேட்ட கேள்வியைக் கேட்டேன்.

அந்தப் பின்னேரம் முழுவதும் ஒரே நினைவுதான். இரண்டு மாதமாக இரண்டு வண்டிகளையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை பிடித்தோம், கடைசியில் அவை இரண்டும் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. பிடியைக் கியர் தருகிறதா, பெல்ட் தருகிறதா என்பதல்ல, அதை மேலே வைத்தே நான் தீர்மானிக்கிறேனா என்பதுதான் அவற்றுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. சரிவில் இறங்கத் தொடங்கிய பிறகு எந்த வண்டியும் புதிதாக ஒரு யோசனையை ஏற்றுக்கொள்ளாது. அங்கே நான் செய்யப்போகிற எதுவும் ஏற்கெனவே இருக்கிற பிடியை ஒரு கணம் விட்டுத்தான் செய்ய வேண்டும், அந்த ஒரு கணம் பாரத்துக்குப் போதும். வண்டிக்கு மட்டுமா இது என்று கேட்டுக்கொண்டேன். நாற்பது வயதில் கோபத்தில் நான் சொன்ன வார்த்தைகளில் ஒன்றைக்கூட நடுவழியில் நிறுத்த முடிந்ததில்லை. கடன் வாங்கி வீடு வாங்கியதும், அப்பாவைக் கொழும்பில் தனியே விட்டுவிட்டு விமானம் ஏறியதும் மேட்டில் நின்று யோசிக்காமல் இறக்கிய பாரங்கள். மனிதன் தன் பலத்தை ஏற்றத்தில் அளக்கிறான். அவனை நம்பிப் பின்னால் இருக்கிறவர்கள் அவனை அளப்பது இறக்கத்தில். ஏற எல்லோராலும் முடிகிறது. குஞ்சியப்பு இறக்கம் வந்ததும் என் கையிலிருந்து கைபிடியை வாங்கினாரே, அது எனக்கு ஓட்டத் தெரியாது என்பதற்காக அல்ல. பெட்டியில் மூட்டைகளுக்கு மேல் என் தங்கச்சி இருந்தாள்.

இப்போதும் நான் ரான்சர்தான் வாங்கியிருப்பேன். என் காலுக்கும் காதுக்கும் அது பழகிய பாஷை. மனைவிதான் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, மார்ச் மாசம் சாறு இறக்கப்போறது ஆர்?”

நான் இன்னும் வேலைக்குப் போகிறவன். சனி ஞாயிறுதான் அங்கே நிற்பேன். மேப்பிள் சாறு சனி ஞாயிறு பார்த்து வடிவதில்லை. இரவில் உறைந்து பகலில் உருகுகிற நாட்கள் வரிசையாக வரவேண்டும், வந்தால் வாளி நிறைந்து வழியும், விட்டால் பழுதாகும். அவள் ஓய்வு பெற்றவள். மார்ச் முழுவதும் காணியில் நிற்பவள் அவள்தான். எங்கள் அம்மம்மா காலத்தில் கருப்பணி காய்ச்சிய கை அது. பனங்கட்டிப் பதம் அறிந்தவளுக்கு மேப்பிள் பாணி காய்ச்ச ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை, இவ்வளவு தண்ணீராக இருக்கிறதே என்று மட்டும் முதல் வருடம் ஆச்சரியப்பட்டாள். ஒரு லீற்றர் பாணிக்கு நாற்பது லீற்றர் சாறு வற்ற வேண்டும். இருநூறு லீற்றர்ப் பீப்பா ஒன்றை இறக்கினால் ஐந்து லீற்றர். அந்த ஐந்து லீற்றருக்காக இருநூறு கிலோ திரவம் அந்த இறக்கத்தில் வர வேண்டும். விறகு ஓர் இடத்தில் கிடக்கும். திரவம் கிடக்காது. அரைவாசி நிறைந்த பீப்பா முழுதாய் நிறைந்ததைவிடப் பொல்லாதது, உள்ளே ஓடிவந்து முன்னால் மோதும்.

“நீர் இடது காலாலை கியர் தட்டுவீரோ?” என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே விடை தெரிந்தது. அவளுடைய இடது முழங்கால் சத்திரசிகிச்சை செய்த முழங்கால்.

“தட்டச் சொன்னால் தட்டுவன்” என்றாள். “ஆனா ஒண்டு நேரா சொல்லுங்கோ. ஆருக்கு வாங்கிறியள்?”

டிசெம்பரில் கோடியாக் வந்தது. மச்சான் தான் வென்றதாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். பீவர்த் தண்ணீரைப் பற்றிய என் பயம் அப்படியே இருக்கிறது. ஆழம் தெரியாத தண்ணீருக்குள் அதை இறக்குவதில்லை என்று எங்களுக்குள் உடன்பாடு. கிழவர் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். பின்னால் குனிந்து சில்லுகளின் கைகளைப் பார்த்தார். நிறைய மூட்டுகள், அவற்றுக்குக் கிறீஸ் போட மறக்காதே என்றார். அவ்வளவுதான்.

மார்ச் மூன்றாம் கிழமை ஒரு வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து நேரே வந்து சேர்ந்தேன். கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆவி கூரைக்கு மேலே வெள்ளையாய் எழும்பிக்கொண்டிருந்தது, ஆளைக் காணவில்லை. காட்டுக்குள் வண்டிச் சத்தம் கேட்டது. வளைவுக்குப் போய், காயம்பட்ட மேப்பிளுக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தேன். தலைக்கவசமும் தடித்த அங்கியுமாக அவள் மேட்டின் விளிம்புக்கு வந்தாள். பின்னால் பெட்டி, பெட்டியில் நீலப் பீப்பா, மேல்மட்டம் வரை நிறைத்து மூடி, இரண்டு கயிற்றால் குறுக்கே கட்டியிருந்தாள். பாறையில் மெல்லிய பனிக்கட்டி மினுங்கியது.

விளிம்பில் வண்டியை நிறுத்தினாள். நெம்பை இழுத்தாள். பெருவிரலால் பொத்தானை அமத்தினாள். பிறகு திரும்பிப் பார்த்து, கையை நீட்டிப் பீப்பாக் கயிறு ஒன்றைத் தொட்டு இழுத்துப் பார்த்தாள். சீட்டில் பின்னுக்கு நகர்ந்து இருந்தாள். நான் கீழே நிற்பதைக் கண்டும் கை காட்டவில்லை. வண்டி அங்கேயே நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் மரத்தடியிலிருந்து விலகிப் பாதையை விட்டேன்.